பின்சக்கரம் குந்தும் நேரம்

பட்டறை முதல் பந்தயத் தடம் வரை – 9

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருப்பவரிடம் டிராக் ரேஸ் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், முதலில் இன்ஜினுக்குத்தான் போவார். போர் கடைவது, கார்புரேட்டர் மாற்றுவது, சைலன்ஸர் வெட்டுவது. ஆனால் பச்சை விளக்கு எரிந்ததும் ஒரு வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தடுமாறுகிறது. இன்னொன்று நின்ற இடத்திலேயே டயரைத் தேய்த்துப் புகை கிளப்புகிறது. இரண்டிலும் குறை இன்ஜினில் இல்லை. இருக்கிற சக்தி தரையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். அதை இறக்குவது பின்பக்க சஸ்பென்ஷனின் வேலை.

இதைக் கண்ணால் பார்க்க நல்ல இடம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் வருகிறது அந்த ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல்லாண்டு பந்தயம் நடத்திவிட்டு, 1990இல் இங்கே சொந்தத் தளம் கண்டது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸ் சுற்றுகளும் இங்கே நடந்திருக்கின்றன. பெங்களூரு வீரர் ஹேமந்த் முத்தப்பா ஹயபுசா பைக்கில் முத்திரை பதித்த களம் இது.

அந்த ஹயபுசாவையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வண்டி சுமார் 265 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, இரு சக்கரங்களுக்கு இடையே 1,480 மில்லிமீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில், இரு சக்கரங்களுக்கும் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்சக்கரத்தின் மேல் சுமார் 167 கிலோ. புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் வண்டி பாய்ந்தால், அதில் 147 கிலோ பின்னால் போய்விடும். மிச்சம் 20 கிலோதான். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வீலி.

பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மை 20 சென்டிமீட்டர் நீட்டினால் அதே பாய்ச்சலில் முன்சக்கரத்தில் 50 கிலோவுக்கு மேல் தங்கும். பெரிய வண்டிகளின் பின்பக்கம் அவ்வளவு நீண்டிருப்பது அதனால்தான். ஆனால் ஆர்.எக்ஸ். 100க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 98 சிசி, 11 குதிரைத்திறன் கொண்ட அந்த டூ-ஸ்ட்ரோக்கில் அளவுக்கு மீறி நீட்டினால், பின்டயரை அழுத்த வேண்டிய பாரமும் குறைந்து சக்கரம் வழுக்கத் தொடங்கும். ஓட்டுபவர் டேங்கின் மேல் வயிறு பதியப் படுத்துக்கொள்வதே அதில் பாதி வேலையைச் செய்துவிடும்.

நீளத்தைவிட நுணுக்கமான விஷயம் கோணம். பாரம் பின்னால் வரும்போது சஸ்பென்ஷன் குந்தப் பார்க்கிறது. செயினின் இழுப்பும் டயரின் தள்ளலும் சுவிங் ஆர்ம் வழியாக அதை எதிர்க்கின்றன. எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஓட்டுபவரை உட்காரவைத்து, வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, பின் ஆக்சில், சுவிங் ஆர்ம் பிவட், செயினின் மேல் ஓட்டம் மூன்றையும் சாக்பீஸால் சுவரில் குறித்துக்கொண்டால் போதும். ஆக்சிலையும் பிவட்டையும் இணைக்கும் கோட்டையும் செயின் கோட்டையும் முன்னோக்கி நீட்டினால் ஓர் இடத்தில் வெட்டும். பின்டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அந்த வெட்டுப்புள்ளி வழியாக ஒரு நூல் பிடிக்க வேண்டும். அந்த நூல் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, அவ்வளவுக்கு வண்டி குந்துவது குறையும். அளவு மீறினால் பின்பக்கம் எழும்பவே செய்யும்.

இங்கேதான் பல பையன்கள் சறுக்குகிறார்கள். ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கிப் பின்பக்கத்தை இறக்கினால் எடையின் மையம் தாழ்கிறது, அது நல்லது. கூடவே சுவிங் ஆர்மின் சாய்வும் படுத்துவிடுகிறது, நூலும் படுக்கிறது, வண்டி பொத்தென்று உட்காருகிறது. அதே நாளில் டாப் ஸ்பீடுக்காகப் பின் ஸ்ப்ராக்கெட்டைச் சின்னதாக்கினால் வெட்டுப்புள்ளி இன்னும் முன்னால் ஓடி, குந்தல் கூடும். பழி கிளட்ச் மேல் விழும்! இறக்கத்தான் வேண்டுமென்றால் முன் ஃபோர்க்கையும் சேர்த்து இறக்கி, நூலை மறுபடி பிடித்துப் பார்ப்பதே முறை.

சறுக்கும் இன்னொரு இடம் பிவட் புஷ். அது தேய்ந்திருந்தால் செயின் இழுக்கும் பக்கமாகச் சக்கரம் கோணி, வண்டி நேராகக் கிளம்பாது. பின் ஆக்சிலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாலே ஆட்டம் கைக்குத் தெரியும். வீல்ஸ் இந்தியாவும் பிரேக்ஸ் இந்தியாவும் வளர்ந்த பாடி–அம்பத்தூர் வட்டாரத்தில் ஒரு புஷ் கடைந்து வாங்குவது பெரிய காரியமல்ல. செயின் தொய்வை, பிவட், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் அளக்க வேண்டும். செயின் மிக இறுகும் நிலை அதுதான். அப்போதும் துளி தொய்வு இல்லையென்றால் சஸ்பென்ஷன் அசையாமல் கட்டிப்போட்டது போலாகிவிடும்.

இத்தனையும் சோதிக்க நசரத்பேட்டை பக்கத்து வெளிவட்டச் சாலை இடமல்ல. நீட்டி இறக்கிய வண்டி திரும்ப மறுக்கும். லாரி குறுக்கே வந்தால் ஓட்டுபவரைத் தப்பவைக்க எந்த சஸ்பென்ஷனாலும் முடியாது. மூடிய தளத்தில், மெடிக்கல் குழு நிற்கும்போது, ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் என்று செய்து, 60 அடி தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் குறித்துவர வேண்டும். ஆர்ம் நீட்டலாமா, எவ்வளவு என்பது வகுப்புக்கு வகுப்பு மாறும். வெல்டிங்குக்கு முன் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிடுவது நல்லது.

(அடுத்த வாரம்: பின்டயரின் காற்றழுத்தமும் பர்ன்அவுட்டும்)