வலமா, இடமா?

ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை தூக்கமின்றித் தவித்தாள். வலப்பக்கமாக உறங்குவது சுன்னத். கிளினிக்கிலோ இடப்பக்கம் படுக்கச் சொன்னார்களாம். எப்படிப் படுத்தாலும் மனசு உறுத்துகிறது என்றாள்.

28 வாரங்களுக்குப் பின் தவிர்க்க வேண்டியது மல்லாந்து உறங்குவதைத்தான். அப்போது கருப்பையின் பாரம், உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாளத்தை அழுத்துகிறது. பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் இதனால் கூடுகிறது. 5 ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வில், வலத்துக்கும் இடத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே சுன்னத்தை விட வேண்டியதில்லை.

முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் ஒன்று. (கேட்க வெட்கப்படாதீர்கள், சகோதரிகளே.) நடுவில் விழித்து, மல்லாந்திருந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். ஆனால் பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தெரிந்தால், விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.