நடுவர் கச்சான் காலத்தில் வரட்டும்

பிரித்தானியாவில் கட்டுமானத் துறையினருக்கென்றே ஒரு பரிசு இருக்கிறது. 2013இல் தொடங்கியது. வீடு, வீதி, ரயில் நிலையம், எதை வேண்டுமானாலும் கட்டுங்கள். கட்டுகிற இடத்தில் உயிரினங்களுக்கு நன்மையாக ஒரு காரியத்தையாவது புதிதாகச் செய்யுங்கள் என்பதே அதன் அழைப்பு. கூரையில் காட்டுப்பூச்செடி வளர்ப்பது, சுவருக்குள் வௌவாலுக்குப் பொந்து வைப்பது, மழைநீர்ப் பள்ளத்தைத் தவளைகளுக்குக் குளமாக்குவது, எல்லாமே கணக்கில் வரும். பிறகு சட்டமும் வந்தது. 2024 பெப்ரவரி 12 முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான பெரிய கட்டுமானங்களுக்கு அனுமதி வேண்டுமானால், முன்பு இருந்ததைவிட உயிர்ப்பல்வகைமை 10 வீதம் கூடும் என்று கணக்குக் காட்ட வேண்டும். கூடியதை 30 வருடம் காப்பாற்றவும் வேண்டும்.

நமக்கும் பசுமைக் கட்டடப் பெருமை புதிதல்ல. கண்டலம குளக்கரையில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டலைக் கட்டப் போகிறார்கள் என்றபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1994இல் திறந்தார்கள். 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவுக்கு வெளியே லீட் பசுமைச் சான்றிதழ் பெற்ற முதல் ஹோட்டலாகவும் அது ஆனது. போனவர்களுக்குத் தெரியும்: கொடிகள் கட்டடத்தையே மூடியிருக்கும், குரங்குகள் பல்கனிக்கு வந்து போகும். அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அது வறண்ட வலயத்துப் பாறை. அந்த அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அப்புத்தளையில் வைக்க முடியாது.

அப்புத்தளை ஒரு கூரை முகடு மாதிரி. தெற்கே விழும் மழை வளவை கங்கைக்கும் கிரிந்தி ஓயாவுக்கும் இறங்குகிறது. வடக்கே விழுவது உமா ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. இந்த முகட்டில்தான் இப்போது கட்டட வேலை மும்முரம். வானம் வெளுத்த நாளில் தெற்குச் சமவெளி முழுவதும் தெரிகிற அந்தக் காட்சிக்கு நல்ல விலை. ஆகவே விளிம்பிலேயே ஹோட்டல், விளிம்பிலேயே விருந்தினர் விடுதி. முகப்பில் ஹைட்ரேஞ்சியா, வெட்டிவிட்ட புல்தரை, வரிசையாக சைப்ரஸ். பிரித்தானியாவில் உள்ளது போன்ற பரிசு இங்கும் வந்து, அதற்கு விண்ணப்பித்தால் படம் நன்றாகத்தான் விழும்.

எனக்குள்ள கவலை படத்தில் விழாத தண்ணீரைப் பற்றியது.

மலையகத்துத் தோட்டங்களில் பீலி இல்லாத டிவிஷன் குறைவு. பாறை இடுக்கில் கசிகிற ஊற்றுக்கு முன்பு மூங்கில் பிளந்து வைத்தார்கள், இப்போது இரும்புக் குழாய். அடியில் துணி துவைக்கிற கல். மேலே, துரைமார் காலத்தில் தேயிலை வைக்காமல் விட்ட சின்னக் காட்டுத் துண்டு. அதன் நிழலில் மரப்பன்னம், பாறை முழுக்கப் பாசி, எப்போதும் ஈரமாகக் கிடக்கும் இலைச்சருகு. ஒரு கல்லைப் புரட்டினால் நண்டு ஓடும். அந்த நண்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இலங்கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உண்டு. ஏறத்தாழ அத்தனையும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில இனங்கள் ஓரிரு மலை ஓடைகளோடு முடிந்துவிடுகின்றன. சருகுக்குள்ளே புதர்த் தவளைகள். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளியே வரும். குளம் வேண்டாம், ஆனால் ஈரம் போய்விட்டால் முட்டையும் போச்சு. மக்கள் குடம் வைத்துப் பிடிக்கிற அதே தண்ணீரில்தான் இந்த உயிர்களும் நிற்கின்றன. பீலிக்கு மேலே உள்ள அரை ஏக்கர் காடு, ஹோட்டல் வாசலில் நட்ட ஆயிரம் பூச்செடிக்கு மேலானது என்று நான் சொல்வது இதனால்தான்.

கட்டடம் இந்த ஊற்றை எப்படிக் கொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சரிவில் தட்டையான இடம் கிடையாது. எனவே பெக்கோ கொண்டுவந்து மலையைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். மேலே பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, உக்கிய பாறையின் மேல் மெதுவாக நகர்ந்து, கீழே ஊற்றாக வர வேண்டிய பாதை அந்த வெட்டில் அறுந்து போகிறது. வெட்டு முகத்தில் கசியும் தண்ணீர் தொல்லை என்று குழாய் வைத்து வாய்க்காலில் தள்ளிவிடுவார்கள். முற்றத்துக்குக் கல் பதித்தாயிற்று, கூரைத் தண்ணீர் வேகமாக ரோட்டுக்கு ஓடுகிறது. போதாததற்குக் குழாய்க்கிணறு. கீழே இருக்கிற தொழிலாளர் லயத்தில் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. அடுத்த கச்சான் வறட்சியில் பீலிக் குழாய் நூலாக ஒழுகும்.

தண்ணீர் நிலத்துக்கு அடியில் போகிற வழியைத் தெரியாமல் தொட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஊவா மாகாணம் ஏற்கனவே பார்த்துவிட்டது. உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தின் சுரங்கம் பண்டாரவளைக்கு அடியில் போனபோது, 2014 டிசம்பரிலும் பிறகு 2017லும் தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 120 மெகாவாட் மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை, அதில் விவாதம் இல்லை. ஆனால் எந்தச் சுற்றாடல் மதிப்பீட்டிலும் ஒரு ஊற்றின் விலை இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்பதே என் எண்ணம்.

தண்ணீர் குறைந்தால் மட்டுமா ஆபத்து? வழி தெரியாமல் நின்றாலும் ஆபத்துதான். 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைக் கொஸ்லாந்தைப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் சரிவுகளை இழுத்துக்கொண்டு போனதும் நேற்று நடந்தது போலத்தான் இருக்கிறது. வடிகான் வெட்டிப் பழகிய தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால், ஒவ்வொரு மலையிலும் தண்ணீர் எங்கே இறங்கும், எங்கே நிற்கும் என்று கையைக் காட்டிச் சொல்வார்கள். கான்களைத் தூர்வாரும் கொந்தரப்பு இப்போது பல இடங்களில் ஒழுங்காக நடப்பதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வரைபடக்காரரும் இல்லை.

இங்கிலாந்துச் சட்டத்தில் நான் விரும்பிப் படித்த இடம் ஒன்று உண்டு. அங்கே நிலத்து வாழிடத்துக்கு ஒரு கணக்கு, வேலி மரங்களுக்கு ஒரு கணக்கு, நீரோடைக்குத் தனிக் கணக்கு. ஒன்றில் வந்த இழப்பை இன்னொன்றில் ஈடுகட்ட விடமாட்டார்கள். ஓடையைக் கெடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தோப்பு வைத்திருக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. அப்புத்தளையில் கொடுக்கிற எந்தப் பரிசுக்கும் முதல் விதியாக இதையே வைக்கலாம்.

மரத்தின் எண்ணிக்கையை நம்பி நாம் ஏமாந்த கதையும் நம் கண் முன்னாலேயே நிற்கிறது. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் பைன் நட்டபோது அதுவும் பசுமைத் திட்டம்தான். இன்று அந்தத் தோப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். காய்ந்த ஊசிச் சருகு, தீக்குப் பயம், பறவைச் சத்தம் அருமை. அங்கிருந்து ஆதிசம் பங்களாவுக்கு மேலே உள்ள தங்கமலைக்கு வந்தால் வித்தியாசம் காதிலேயே விழும். 1931இல் கருங்கல்லால் கட்டிய பங்களா அது, இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அதையொட்டிய காடு 1938இல் சரணாலயமானது. மலைநாட்டுக்கே உரிய மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி அங்கே கூட்டமாகக் கத்தும். பருவத்தில் இமயமலைப் பக்கத்திலிருந்து காஷ்மீர் ஈப்பிடிப்பானும் நம் மலைகளைத் தேடி வரும். கட்டடமும் காடும் ஒரே மலையில் தொண்ணூறு வருடமாக இருக்க முடிந்திருக்கிறது. வெட்டாமல் விட்டதுதான் காரணம். இப்படி விட்டவருக்குக் கொடுக்க எந்தப் பரிசிலும் ஒரு பிரிவு இருப்பதாகத் தெரியவில்லை, இருக்க வேண்டும்.

ஹோட்டல் கட்டுகிறவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்கிறார்கள்: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது, பரிசு என்று ஒன்று இருந்தால்தானே நாலு மரமாவது நடுவார்கள் என்று. நியாயம்தான்.

அப்படியானால் பரிசு இருக்கட்டும், பார்க்கிற விதம் மாறட்டும். டிசம்பரில் நடுவர்களை அழைத்துவந்தால் அப்புத்தளையில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டும், எல்லா மலையும் பச்சை. கச்சான் அடிக்கிற ஆகஸ்டில் வர வேண்டும். திறப்பு விழா முடிந்து மூன்றாவது கச்சானில் வர வேண்டும். மாடியில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாமல் கீழே லயத்துக்கு இறங்கி, பீலியில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும். கட்டுவதற்கு முன் எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்த தாள் இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே எடுக்கக் கூடாது. நடுவர் குழுவில் பறவை ஆய்வாளர் ஒருவர் இருந்தால், கான் வெட்டிய தொழிலாளி ஒருவரும், தினம் தண்ணீர் பிடிக்கிற பெண் ஒருவரும் இருக்கட்டும்.

ஹோட்டல்களோடு நிறுத்தவும் வேண்டாம். இந்திய உதவியுடன் மலையகத் தோட்டங்களில் முதலில் 4,000 வீடுகள், பிறகு இன்னும் 10,000 என்று தனி வீடுகள் எழும்புகின்றன. லய வாழ்க்கை முடிய வேண்டும். அதற்காகவே சரிவுகளில் ரோடு வெட்டுகிறோம், பேர்ச்சஸ் பிரிக்கிறோம். ஊற்றுக்கு மேலே உள்ள காட்டுத் துண்டை எந்த வீட்டுக் காணியிலும் சேர்க்காமல் பொதுவில் விட்டு, கானை ஒழுங்காக வெட்டி, பீலி ஓடிக்கொண்டிருக்கும்படி கட்டி முடித்த ஒரு வீட்டுத் திட்டம் ஊவாவில் இருக்குமானால், முதல் வருடப் பரிசை அந்தத் தோட்டத்துக்கே கொடுக்கலாம். பணமாகக் கொடுத்தால் கான் தூர்வாரும் கூலிக்காவது உதவும்.