அதிகாரம் யார் கொடுத்தது?

நம் சங்க நூலகத்தில் செய்தித்தாள் படிக்க வரும் அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு: "ஐரோப்பிய ஒன்றியம் என்கிறார்களே, அது ஒரு நாடா, இல்லை நாடுகள் கூடிப் பேசும் சபையா?" இரண்டும் இல்லை என்பதுதான் பதில். நான் சட்டம் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். ஓய்வு பெற்ற பின் படித்ததை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

1957 மார்ச் 25 அன்று ரோம் நகரில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம்தான் வளர்ந்து இன்று 27 நாடுகளின் ஒன்றியமாக நிற்கிறது. 1973-ல் சேர்ந்த பிரிட்டன் 2020 ஜனவரி 31-ல் விலகிவிட்டது. இத்தனை நாடுகளுக்கும் பொதுவாகச் சட்டம் செய்யும் இந்த அமைப்பு சில அடிப்படை விதிகளின் மேல்தான் ஓடுகிறது.

முதல் விதி, கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு என்பது. ரயில்வேயில் எந்த அதிகாரி எந்த வேலைக்கு எவ்வளவு ரூபாய் வரை ஒப்புதல் தரலாம் என்று அச்சிட்ட பட்டியல் இருக்கும். அதில் இல்லாத அதிகாரம் எவ்வளவு பெரிய அதிகாரிக்கும் கிடையாது. ஒன்றியமும் அப்படித்தான். உறுப்பு நாடுகள் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தவற்றில் மட்டுமே அது சட்டம் செய்யலாம்; எழுதாதது எல்லாம் நாடுகளிடமே இருக்கும். நம் அரசியல் சட்டத்தில் இது தலைகீழ். எந்தப் பட்டியலிலும் வராத அதிகாரம் 248-ஆம் பிரிவின்படி மத்திய அரசுக்குச் சேர்கிறது.

இரண்டாவது, கீழே முடிகிற வேலையை மேலே கொண்டு போகக் கூடாது என்பது. தளர்ந்த போல்ட்டைக் கீமேனே முடுக்கிவிடுவார். அதற்கு டிவிஷன் அலுவலகம் வேண்டியதில்லை. சுங்க வரி போன்ற சில துறைகள் ஒன்றியத்துக்கே உரியவை. மற்றவற்றில், நாடுகளால் சரிவரச் செய்ய முடியாததை மட்டுமே ஒன்றியம் கையில் எடுக்க வேண்டும். 1992-ன் மாஸ்டிரிக்ட் ஒப்பந்தம் இதைப் பொது விதியாக்கியது. 2009-ல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் இதற்கு ஒரு காவலும் வைத்தது. நாடாளுமன்றங்களுக்கு உள்ள ஓட்டுகளில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தால், மசோதாவை மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

மூன்றாவது, அளவறிந்து செய்வது. தண்டவாளத்தில் ஒரு குறை கண்டால், வேகத்தைக் குறைத்தால் போதும் என்ற இடத்தில் பாதையையே மூடுவதில்லை. அதுபோல, நோக்கம் நிறைவேறத் தேவையானதைவிட அதிகமாக ஒன்றியம் தலையிடக் கூடாது.

இதுவரை சொன்னவை அமைப்பைக் கட்டுப்படுத்தும் விதிகள். இனிச் சொல்பவை சாதாரண மனிதனுக்கு உரிமை தந்தவை. இவற்றை உருவாக்கியது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம்.

வான் கென்ட் என் லோஸ் என்ற டச்சுப் போக்குவரத்து நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரசாயனப் பொருளை இறக்குமதி செய்தது. அதன் மீதான சுங்க வரி 3 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. தங்களுக்குள் சுங்க வரியைக் கூட்டுவதில்லை என்று நாடுகள் ரோமில் ஒப்புக்கொண்டிருந்தன. "அது அரசுகளுக்குள் நடந்த ஒப்பந்தம், தனியார் அதைக் காட்டி வழக்காட முடியாது" என்பது அரசின் வாதம். 1963 பிப்ரவரி 5-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் குடிமக்களுக்கும் நேரடியாக உரிமை தருகிறது, தம் நாட்டு நீதிமன்றத்திலேயே அதைக் கேட்டுப் பெறலாம் என்றது.

மறு ஆண்டு, மின்சாரத்தை நாட்டுடைமை ஆக்கிய இத்தாலியச் சட்டத்தை எதிர்த்து, கோஸ்டா என்ற மிலான் நகர வழக்கறிஞர் மின் கட்டணத்தைக் கட்ட மறுத்தார். சிறு தொகைதான். ஆனால் அந்த வழக்கில்தான், ஒன்றியச் சட்டமும் நாட்டுச் சட்டமும் மோதினால் ஒன்றியச் சட்டமே மேல் என்ற தீர்ப்பு 1964 ஜூலை 15-ல் வந்தது. ஒவ்வொரு நாடும் பின்னால் ஒரு சட்டம் போட்டு மீறலாம் என்றால் பொது ஒப்பந்தத்துக்கே பொருளில்லை அல்லவா?

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நாம் கவனிக்க வேண்டிய வழக்கு 1974-ன் காசாகிராந்தே வழக்கு. ஜெர்மனியில் வேலை பார்த்த இத்தாலியத் தொழிலாளியின் மகன் மியூனிக் பள்ளியில் படித்தான். பவேரிய மாநிலம் கொடுத்த படிப்பு உதவித்தொகை அவனுக்கு மறுக்கப்பட்டது, ஜெர்மானியன் அல்லன் என்பதால். வெளிநாட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கும் பள்ளியில் ஒரே நிபந்தனை என்று 1968-ன் ஐரோப்பிய விதி கூறியிருந்தது. ஆனால் கல்விக் கொள்கை அப்போது ஐரோப்பிய அமைப்புக்குக் கொடுக்கப்பட்ட துறையே அல்ல. அப்படியானால் முதல் விதியின்படி அந்தப் பையனுக்கு வழியில்லை என்றுதானே தோன்றும்?

நீதிமன்றம் நுட்பமாகப் பிரித்துப் பார்த்தது. கல்விக் கொள்கை நாட்டின் கையிலேயே இருக்கட்டும். ஆனால் தொழிலாளர் நாடு விட்டு நாடு செல்லும் உரிமையை நாடுகள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டன. தன் அதிகாரத்தைக் கொண்டு அந்த உரிமையைக் கெடுக்க முடியாது. பள்ளியில் இடம் கொடுத்தால் போதாது, படிக்க உதவும் தொகையும் அதே நிபந்தனையில் கிடைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இந்த ஏற்பாட்டில் இழுபறியும் உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கி கடன் பத்திரங்கள் வாங்கிய விஷயத்தில், வங்கியும் ஐரோப்பிய நீதிமன்றமும் எல்லை மீறிவிட்டன என்று ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2020 மே 5-ல் கூறியது. 2021-ல் ஐரோப்பிய ஆணையம் ஜெர்மனி மீது நடவடிக்கை தொடங்கி, ஜெர்மனி உறுதிமொழி தந்த பின் அதே ஆண்டில் முடித்துக்கொண்டது. கொடுத்த அதிகாரத்தின் எல்லையைச் சொல்ல வேண்டியவர் கொடுத்தவரா, பெற்றவரா என்ற கேள்விக்கு இன்னும் முடிவான விடை இல்லை.

நம் நாட்டில் எங்கும் சென்று குடியேறும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தருகிறது. ஆயினும் கல்லூரி வாசலில் டொமிசைல் சான்றிதழ் கேட்கும்போது நம் பிள்ளைகள் தயங்கி நிற்பதை அறிவோம். அந்த நேரத்தில் கோபப்பட்டுப் பயனில்லை. இந்த அதிகாரம் எங்கே எழுதியிருக்கிறது, அதன் எல்லை எது, எனக்குக் கொடுத்த உரிமையை இது கெடுக்கிறதா என்று வரிசையாகக் கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். மியூனிக்கில் உதவித்தொகை வழக்கு வென்றது இந்தக் கேள்விகளால்தான்.