தைராய்டு மிகைச் சுரப்பும் உழைப்புக்குத் திரும்பும் முறையும்

உண்ணும் உணவு குறையவில்லை, உடலோ மெலிகிறது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. நாடாவைப் பிடிக்கும் கை நடுங்குகிறது. குந்தியிருந்து எழுவதற்குத் தரையில் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. இவ்வடையாளங்கள் சேர்ந்து தோன்றினால், தைராய்டு சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறதோ என ஐயுற்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். இந்நோய் ஆடவரைவிடப் பெண்டிருக்கே மிகுதியாக வருகிறது. தக்க சிகிச்சையும் உண்டு. ஆனால், சிகிச்சை தொடங்கியபின் எப்பொழுது, எவ்வளவு உழைக்கலாம் என்பதிலேயே பலர் தவறிவிடுகின்றனர்.

இச்சுரப்பி தொண்டையின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது. உடல் இயங்கும் வேகத்தை இதன் சுரப்பு நிர்ணயிக்கிறது. அது மிகுந்தால் ஓய்விலும் இருதயம் விரைந்து துடிக்கும். தொடையிலும் தோளிலும் தசை கரையும். நாளடைவில் எலும்பும் வலுவிழக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இருதயத்தின்மீது கடும் உழைப்பையும் ஏற்றினால் துடிப்பின் ஒழுங்கு கெடக்கூடும். ஒழுங்கு கெட்ட இருதயத்தில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வருவதும் உண்டு.

டாக்டர்கள் பெரும்பாலும் இருவகை மாத்திரைகள் தருவர். புரோப்ரனலால் போன்றவை படபடப்பைச் சில நாட்களிலேயே அடக்கிவிடும். கார்பிமசோல் போன்றவை புதிய சுரப்பைத் தடுக்கும். ஆனால் நெசவை நிறுத்தினாலும் கிடங்கிலுள்ள துணி விற்றுத் தீரும்வரை இருப்பு இருப்பதுபோல, சுரப்பியில் முன்பே சேர்ந்திருப்பது தீரச் சில வாரங்கள் ஆகும். ஆகவே படபடப்பு நின்றதைக் கொண்டு நோய் நீங்கியதாகக் கருதலாகாது. தறிக்குத் திரும்பும் நாளை இரத்தப் பரிசோதனையும் டாக்டரும் தீர்மானிக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்? டாக்டர் அனுமதித்தால், வெயில் ஏறுமுன் சமதரையில் பத்து நிமிஷம் மெல்ல நடக்கலாம். நடக்கையில் தடையின்றிப் பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் படுத்தபடியே ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணுக. நூறுக்கு மேற்பட்டாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ அன்று நடையை விட்டு டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். புரோப்ரனலால் உண்பவருக்கு நாடி இயல்பாகவே தணிந்து காட்டுமாதலால், அவர் நாடியை மட்டும் நம்பாது பேச்சளவையும் கொள்ளல் வேண்டும். இரத்த அளவு சீரானபின் வாரத்துக்குச் சில நிமிஷங்களாக நடையை நீட்டலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமரும் பயிற்சி தொடைக்கு வலுவூட்டும். இழந்த தசை திரும்ப மாதங்கள் செல்லும், பொறுமை வேண்டும்.

நம்மவர்க்குத் தொழிலே தேகப்பயிற்சி என்பதை மறக்கலாகாது. குழித்தறியில் நாள் முழுதும் மிதிப்பது தொடைக்குப் பெரும் வேலை. ஆதலால் முதலில் தார் சுற்றுதல், பின்னர் அரைநாள் தறி, அதன்பின்னரே முழுநாள் என்பது தக்க வரிசை. இராஜபாளையத்து மாந்தோப்புக்காரர் முதலில் மேற்பார்வையோடு நிற்க வேண்டும்; மண்வெட்டியும் கூடை சுமத்தலும் பின்னர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிப்பதையும், சதுரகிரி மலையேற்றத்தையும் அவ்வாண்டு ஒத்திவைப்பதால் பக்தி குறைந்துவிடாது.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை கண்டால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. கார்பிமசோல் உண்ணும்போது காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால், மாத்திரையை நிறுத்தி அன்றே இரத்தம் பரிசோதிக்க வேண்டும். வெள்ளணுக்கள் அபாயமாகக் குறைந்திருக்கக்கூடும். புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது; ஒருவர் மாத்திரையை மற்றொருவர் உண்ணலாகாது.

இந்நோய் வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி அன்று. அமெரிக்க ஓட்ட வீராங்கனை கெயில் டெவர்ஸுக்கு 1990-இல் தைராய்டு மிகைச் சுரப்பு நோய் கண்டறியப்பட்டது. கடுந்துன்பம் அனுபவித்துச் சிகிச்சை பெற்ற அவர், 1992-இல் பார்சிலோனாவிலும் 1996-இல் அட்லாண்டாவிலும் நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கப்பதக்கம் வென்றார்.

நெய்த கெஜத்துக்கே கூலி என்றிருக்கும்போது, ஓய்வெடுக்கச் சொல்வது எளிது, எடுப்பது அரிது. அதனால்தான் பலர் முன்கூட்டியே தறியில் இறங்கிவிடுகின்றனர். உடன் உழைப்போர் அவருக்குச் சில வாரங்கள் தார் சுற்றும் வேலையை விட்டுக்கொடுத்தால், ஒரு குடும்பம் பெரும் ஆபத்தினின்று தப்பும். ஒருவர்க்கொருவர் உதவுவதே கூட்டுறவு அன்றோ?