படைக்கு முன் களஞ்சியம்

விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்குக் கணக்கையும் முன்யோசனையையும் கற்பித்த பள்ளிக்கூடமும் அதுவே. நம் முன்னோர் திண்ணையில் அமர்ந்து ஆடிய இரு விளையாட்டுகளை எண்ணிப் பார்ப்போம். பல்லாங்குழியில் 14 குழிகள் உண்டு. கையிலுள்ள காய்களைக் குழிக்கு ஒன்றாக இட்டுச் சென்று, சேர்ந்ததை அள்ளுகின்றோம். ஒரு குழியில் 4 காய்கள் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார். இது பொருளியல். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் எதிர்நிற்கின்றன. இது போர். சதுரங்கமும் போரே. ஆயின் அங்கே படை தொடக்கத்திலேயே அணிவகுத்து நிற்கின்றது. அப்படைக்குச் சோறிட்டவர் யார் என்னும் வினா எழுவதில்லை.

அவ்வினாவை எழுப்பும் விளையாட்டுகளையே இன்று நம் மாணவர் பலர் கணனியில் ஆடுகின்றனர். சிட் மையர், புரூஸ் ஷெல்லி ஆகிய இருவரும் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைப் பின்பற்றி, டென்மார்க் நாட்டின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1996ஆம் ஆண்டில் 'ஃப்ரீசிவ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அது எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. பலர் வலையிணைப்பின் வழியே ஒன்றுகூடி ஆடுவதற்கென்றே அமைந்தது. 'எந்நேரமும் சண்டை விளையாட்டு' என்று பெற்றோர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கின்றேன். உண்மையில் இதில் சண்டை சிறுபகுதி. பெரும்பகுதி வரவு செலவுத் திட்டம்.

விளையாட்டின் நடைமுறை

இவை ஓடிப் பிடிக்கும் விளையாட்டுகள் அல்ல. சுற்றுச் சுற்றாக நடைபெறுவன. ஒரு சுற்றில் ஒவ்வொருவரும் தம் கட்டளைகளை இடுவர்; அனைவரும் முடித்தபின் அடுத்த சுற்று பிறக்கும். ஆகவே விரல்வேகத்திற்கு இங்கே வேலை குறைவு.

ஃப்ரீசிவ்வின் மூலவிதிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு நகரம் தன்னைச் சூழ்ந்த நிலக்கட்டங்களில் உழைக்கின்றது. அவற்றிலிருந்து உணவு, உற்பத்தி, வணிகம் என மூன்று பயன்கள் கிடைக்கின்றன. குடிமகன் ஒருவனுக்குச் சுற்றொன்றுக்கு 2 அலகு உணவு வேண்டும். எஞ்சுவது களஞ்சியத்திற் சேரும். களஞ்சியம் நிறைந்தால் மக்கட்டொகை ஒன்று கூடும். உற்பத்தியைக் கொண்டு குடியேறுவோரை அனுப்பலாம், நூலகம் கட்டலாம், மதில் எழுப்பலாம், வீரரைத் திரட்டலாம். ஆனால் ஒரே சுற்றில் ஒரே உற்பத்தியால் இரண்டு வேலைகள் ஆகா. வணிக வருவாயைத் திறைசேரி, கல்வி, மக்களின் மகிழ்ச்சி என்று மூன்றாகப் பங்கிட வேண்டும். மகிழ்ச்சிக்குரிய பங்கை அறவே குறைத்தால் நகரிற் குழப்பம் மூளும். குழப்பமுற்ற நகரின் உற்பத்தி நின்றுவிடும். மக்களாட்சி முறையைத் தேர்ந்தவர் படையை வெளியே அனுப்பினால் அதுவே நகர மக்களின் மனக்குறையை வளர்க்கும்.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். அ, ஆ என்னும் இருவர் ஆளுக்கு ஒரு நகருடன் தொடங்குகின்றனர். குடியேற்றத்தில் மட்டும் கருத்தைச் செலுத்தினால் 20 சுற்றுகளில் நகரங்கள் இரட்டிக்கும் என்றும், ஒரு நகர் சுற்றுக்கு 5 உற்பத்திப் புள்ளிகள் தரும் என்றும், ஒரு வீரனுக்கு 10 புள்ளிகள் செலவாகும் என்றும் எளிமைக்காகக் கொள்வோம்.

20ஆம் சுற்றில் இருவரிடமும் 2 நகரங்கள். 'அ' தொடர்ந்து குடியேறுகின்றார். 40ஆம் சுற்றில் 4, 60ஆம் சுற்றில் 8 நகரங்கள். 'ஆ' 20 முதல் 40 வரை குடியேற்றத்தை நிறுத்திப் படை திரட்டுகின்றார். 2 நகரங்கள், 5 புள்ளிகள், 20 சுற்றுகள். மொத்தம் 200 புள்ளிகள், அதாவது 20 வீரர். பின்னர் அவரும் குடியேறி 60ஆம் சுற்றில் 4 நகரங்களை அடைகின்றார்.

இப்பொழுது இருவரும் படை திரட்டத் தொடங்கினால் 'அ'வுக்குச் சுற்றொன்றுக்கு 4 வீரர், 'ஆ'வுக்கு 2 வீரர். 20 வீரர் என்ற முந்திய இடைவெளி பத்தே சுற்றுகளில் மறைந்துவிடும். 70ஆம் சுற்றில் இருவரிடமும் 40 வீரர். அதன்பின் 'ஆ' எட்டிப்பிடிக்க வழியில்லை. வாளாவிருக்கும் வீரனுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு என்பதைச் சேர்த்தால் 'ஆ'வின் நிலை இன்னும் மோசமாகும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 40ஆம் சுற்றில் 'ஆ'விடம் 20 வீரர். 'அ'விடம் ஒருவரும் இலர். அன்று போர் மூண்டால் 'அ'வின் வளமெல்லாம் 'ஆ'வுக்கே சேரும். ஆகவே வளத்தைப் பெருக்குபவர், அது கனியும்வரை உயிர்தப்பியிருக்கவும் வழிதேட வேண்டும். அவ்வழிகள் இரண்டு: மதிலும் நட்பும்.

வள்ளுவர் வகுத்த வரிசை

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதன்று. திருக்குறட் பொருட்பாலில் 74ஆம் அதிகாரம் நாடு. அடுத்து 75 அரண், 76 பொருள் செயல்வகை. அவற்றின் பின்னரே 77 படைமாட்சி, 78 படைச்செருக்கு. உடனே 79 நட்பு தொடங்குகின்றது. விளைநிலம், மதில், செல்வம் ஆகியவற்றைச் சொல்லி முடித்த பின்னரே வள்ளுவர் படையைப் பேசுகின்றார். படையைப் பேசியதும் நட்பைத் தேடுகின்றார்.

பலர் ஆடும் விளையாட்டில் இறுதியிற் சொன்ன நட்பே பெரும் பாடம். ஃப்ரீசிவ்வில் வீரர்கள் தமக்குள் உடன்படிக்கை செய்யலாம்; நிலப்படம், பொன், தொழில்நுட்ப அறிவு ஆகியவற்றைப் பரிமாறலாம். சமாதான உடன்படிக்கையை முறித்தால், போர் தொடங்க 16 சுற்றுகள் காத்திருக்க வேண்டும். இது எதிராளிக்குக் கிடைக்கும் எச்சரிக்கைக் காலம். கணனியை எதிர்த்து ஆடுகையில் வஞ்சித்தால் அடுத்த ஆட்டத்தில் அது மறந்துவிடும். வகுப்புத் தோழன் மறப்பதில்லை.

சோழரும் வணிகரும்

2025 பெப்ரவரியில் வெளிவந்த சிவிலைசேஷன் ஏழாம் பதிப்பில் சோழர் இடம்பெற்றுள்ளனர். அவர்களுக்குரிய சிறப்புக் கட்டடங்களின் பெயர்கள் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். பிள்ளைகள் திரையிற் கண்ட இச்சொற்கள் கற்பனையல்ல. இவை பழைய வணிகக் குழுக்களின் பெயர்கள். கொல்லத்தில் 849ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் இரண்டும் காணப்படுகின்றன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு தோண்டப்பட்ட குளமொன்றையும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகின்றது. இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் சென்றது 1025ஆம் ஆண்டளவில். அதற்கு முன்பே அவன் தந்தை இராசராசன் நிலத்தை அளப்பித்து வரியை ஒழுங்குசெய்திருந்தான். 1015ஆம் ஆண்டில் சோழர் தூதுக்குழு சீனத்தை அடைந்திருந்தது. போர்க்கலம் போவதற்கு வெகுகாலம் முன்னரே அக்கடல்வழியில் வணிகர் கலங்கள் சென்றுவந்தன.

நம் ஊர் மண்ணிற் கிடைக்கும் சான்று

இதே பாடத்தை நாம் வாழும் பிரிட்ஜ்வாட்டர் மண்ணும் சொல்கின்றது. அமெரிக்க விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டனின் படை இங்குள்ள மிடில்புரூக்கில் இருமுறை தங்கியது. 1777ஆம் ஆண்டில் வாட்சங் குன்றுகளையே மதிலாகக் கொண்டு அமர்ந்தது. பிரித்தானியத் தளபதி ஹோ சமவெளிக்கு வரும்படி தூண்டியும் வாஷிங்டன் முழுப் படையுடன் இறங்கிப் பெரும்போருக்கு இசையவில்லை. இஃது அரண்.

அதே ஆண்டின் இறுதியில் அப்படை பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜில் குளிர்காலத்தைக் கழிக்கச் சென்றது. ஏறத்தாழ 12,000 பேரில் 2,000 பேரளவில் இறந்தனர். அங்கே ஒரு போரும் நடைபெறவில்லை. நோயும், உணவு உடைப் பற்றாக்குறையும் போதுமாயிருந்தன. 1778 மார்ச்சில் நத்தானியல் கிரீன் என்னும் தளபதியிடம் வண்டி, குதிரை, கூடாரம், தீவனம் ஆகியவற்றைத் திரட்டும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1778-79 குளிர்காலத்தில் படை மீண்டும் மிடில்புரூக்கிற்கு வந்தபோது வாஷிங்டன் சோமர்வில்லில் உள்ள வாலஸ் இல்லத்திலும், கிரீன் பிரிட்ஜ்வாட்டரில் ராரிட்டன் ஆற்றங்கரை வான் வெக்டன் இல்லத்திலும் தங்கினர். அவ்வில்லங்கள் இன்றும் நிற்கின்றன. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று, வாளேந்தியவரைப் போலவே வண்டிகளை எண்ணியவரும் வரலாற்றில் இடம்பெற்றிருப்பதைக் காட்டுங்கள்.

விளையாட்டு எண்ணாதவை

இத்துணை சொன்ன பின்னர், ஆசிரியன் என்ற முறையில் மட்டுமன்றிப் போர் நடந்த மண்ணிலிருந்து வந்தவன் என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது.

ஃப்ரீசிவ்வில் ஒரு நகரம் கைமாறினால் அதன் மக்கட்டொகை குறைந்து காட்டப்படும். எட்டு என்றிருந்தது ஏழாகும். அந்த ஒன்று யார், எங்கே போயிற்று என்று விளையாட்டுக் கேட்பதில்லை. எதிரியின் வயலில் ஒரு வீரனை நிறுத்தினால் அந்நகர் அக்கட்டத்தில் உழைக்க இயலாது, உணவு குறையும். ஆட்டத்தில் இது திறமையான உத்தி.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தது. எரிபொருள், மின்கலம், சவர்க்காரம், உரம் முதலியவை தடைப்பட்டன. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, வானொலி கேட்டனர். போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கின் ஒளியில் எங்கள் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. வரைபடத்தில் ஒரு கட்டம் அடைபடுவது, வீட்டில் ஒரு விளக்கு அணைவது. வெட்டுண்ட படையைவிட விளைவிழந்த வயலே போரை நீட்டிக்கவும் முடிக்கவும் வல்லது என்பதை விளையாட்டுச் சரியாகவே கற்பிக்கின்றது. அவ்வயலுக்கு உரியவரைக் காண அதற்குக் கண் இல்லை. அக்கண்ணைத் தரவேண்டியவர்கள் பெரியோராகிய நாம்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

மாணவச் செல்வங்களே! சுற்றை முடிக்கும் பொத்தானை அழுத்துமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். என் மக்களுக்கு உணவு மிஞ்சுகின்றதா? இன்றைய உற்பத்தி இன்னும் இருபது சுற்றுகளின் பின் எதைத் தரும்? என் மதில் அதுவரை தாங்குமா? நான் கொடுத்த வாக்கு இன்னும் நிற்கின்றதா? இந்நான்கிற்கும் நல்ல விடை கூறக்கூடியவருக்குப் போர் தேவைப்படும் நாள்கள் மிகச் சிலவே.

பெற்றோரே! விளையாட்டை நிறுத்தச் சொல்லுமுன் அரைமணி நேரம் அருகில் அமருங்கள். எதற்காக இந்த மதில், யாருடன் இந்த உடன்படிக்கை என்று தமிழிற் கேளுங்கள். களஞ்சியம், திறைசேரி, அரண், உற்பத்தி, தூது ஆகிய சொற்கள் பாடநூலில் உறங்காமல் பிள்ளையின் நாவில் நடமாடத் தொடங்கும். ஒரு நகரம் விழும்போது அங்கே வாழ்ந்தவர் என்ன ஆனார் என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்குத் திரையில் விடை இராது, உங்களிடம் இருக்கும். அதனையும் பிள்ளைக்குத் தமிழிலேயே சொல்லுங்கள்.

களஞ்சியம் நிறைக, கல்வி சிறக்க, நட்பு நிலைக்க எனச் சிறார் அனைவரையும் வாழ்த்துகின்றேன்.