காசா மரமும் கொஞ்சம் காசும்

தாவரவியல் துறையின் பின்பக்க அறைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். செடிகள் உலர்த்தும் பேப்பரை மாற்றக் கைகொடுக்கிறேன் என்று சொன்னதால் எனக்குக் கதவு திறந்தது. உள்ளே மேசை கொள்ளாமல் பழைய நாளிதழ்கள், தாள்களுக்கு நடுவே இலைகள், மேலும் கீழும் மரச்சட்டம், சுற்றிலும் இறுக்கிக் கட்டிய பெல்ட். ஆராய்ச்சிக்கூடம் எங்கே என்று கேட்டேன். “நீங்க நிக்கிறதுதான் சார்!” என்று மூன்று மாணவிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1984இல் தொடங்கியது. கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்டுகளுக்கு அது சின்ன மானியம் தருகிறது. லட்சமெல்லாம் இல்லை, ஆயிரங்கள்தான். பக்கத்து வேதியியல் லேபில் அந்தத் தொகை நாலு ரசாயன பாட்டிலோடு கரைந்துவிடும். இந்த மாணவிகளோ அதை வைத்துக்கொண்டு ஒரு காட்டையே எண்ணக் கிளம்பிவிட்டார்கள்!

அவர்கள் எண்ணுவது கோரமண்டல் கரையோரக் கோயில்காடு. பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிழைத்து, நீண்ட கோடையிலும் பச்சை மாறாமல் நிற்கும் காடு அது. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி இருப்பது அந்த வகைதான். இப்படிப்பட்ட காடுகளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் சாமிக்குப் பயந்து மனிதர்கள் விட்டுவைத்த துண்டுகள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் 1990களிலேயே அங்கே மரம் மரமாக அளந்து எழுதினார்கள். அளக்காத துண்டுகள் இன்னும் உண்டு, அதனால் இவர்களுக்கும் வேலை உண்டு.

சரி, காசு எங்கே போகிறது? பில் ஃபைலைப் புரட்ட விட்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. நைலான் கயிறு: பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் போட. டெய்லர் டேப்: மரத்தின் சுற்றளவு எடுக்க. மூங்கில் குச்சி ஒன்று, 130 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு போட்டது. தரையிலிருந்து அந்த உயரத்தில்தான் எல்லா மரத்தையும் அளக்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காது, ஆகவே வவுச்சர். டீக்குத் தலைப்பே கிடையாது, சொந்தக் காசு. கடைசியில் யூசி என்கிற செலவுச் சான்று கொடுத்தாக வேண்டும். இலையைப் பார்த்து நடுங்காத இந்தப் பிள்ளைகள் அதைக் கண்டால் நடுங்குகிறார்கள்.

அளக்கும்போது நடக்கும் சண்டையைப் பார்க்க வேண்டுமே! வீரை மரத்தின் அடிமரம் மடிப்பு மடிப்பாக, பள்ளமும் மேடுமாக இருக்கும். டேப் பள்ளத்துக்குள் இறங்கிப் போக வேண்டுமா, மேட்டோடு மேடாக விறைப்பாகச் சுற்ற வேண்டுமா? மேட்டோடுதான் சுற்ற வேண்டும் என்று வழிகாட்டி மேடம் தீர்ப்பு சொல்லும்வரை இரண்டு பேர் மரத்தின் இருபுறமும் நின்று வாதாடினார்கள். அளந்த மரத்துக்கு அடையாளமாகத் தகட்டை ஆணியடித்து மாட்டலாம் என்று சுத்தியலை எடுத்தபோது பூசாரித் தாத்தா ஓடிவந்தார். “சாமி மரத்துல ஆணியா? ஏம்மா, கண்ணு தெரியலையா?” உடனே ஆணி பைக்குள் போனது, சணல் கயிறு வெளியே வந்தது. பிறகு அதே தாத்தாதான், ஊதாப் பூ அப்பிக்கிடந்த காசா மரத்தடிக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

பேப்பர் மாற்றுவதிலும் ஒரு ரகசியம். முதல் சில நாள் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சினிமா இணைப்பின் வழவழத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, சாதாரண செய்தித்தாள்தான் வேண்டும். ‘நடிகைகளுக்கு இங்கே இடமில்லை’ என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். காய்ந்த கிளை 42க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் ஏறும். லேபிளில் ஊர், தேதி, ஜிபிஎஸ், சேகரித்தவர் பெயர், எண். இந்த எண்தான் எனக்குப் பிடித்த சங்கதி. தாவரம் சேகரிப்பவர் தன் முதல் செடிக்கு 1 என்று போட்டால், வாழ்நாள் முழுக்க வரிசை அங்கிருந்துதான் நீளும். அன்றைக்குத்தான் ஒரு பெண் தன் ‘1’ஐ எழுதினாள். பேனாவை மூன்று தடவை மாற்றினாள். கையெழுத்து அழகாக வரவில்லையாம்!

இனி தகராறுக்கு வருவோம். பெயர் தெரியாத ஒரு கொடி அகப்பட்டிருக்கிறது. பூ இல்லை. கேம்பிளைப் புரட்டியாயிற்று, மேத்யூவையும் புரட்டியாயிற்று. 1915இலிருந்து 1936வரை பகுதி பகுதியாக வந்த சென்னை மாகாணத் தாவரநூலும், திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய பாதிரியார் மேத்யூவின் தொகுதிகளும் இங்கே ஆசிரியர் பெயரால்தான் புழங்குகின்றன, ஏதோ மாடிவீட்டு மாமாக்கள் மாதிரி. பூ இல்லாமல் இரண்டு மாமாக்களும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். கொடி பூக்கும் என்று எதிர்பார்ப்பது கோடையில், பரீட்சை வருவதும் கோடையில்தான். ஹெச்ஓடி சார் ஒரு பெயர் சொல்கிறார், மேடம் வேறொன்று சொல்கிறார். பரீட்சை முடிந்ததும் பூவோடு ஒரு கிளையைக் கோவை பொட்டானிக்கல் சர்வேக்கு அனுப்பித் தீர்ப்பு கேட்பதாக ஏற்பாடு. தோற்றவர் துறை முழுவதற்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். மானியத்தில் அதற்குத் தலைப்பு உண்டா என்று கேட்டேன். யூசி ஃபைல் என் தலையை உரசிக்கொண்டு பறந்தது.