வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஆப்கானிஸ்தான் என்ற நாட்டின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாகிஸ்தானுக்கு அப்பால் இருக்கும் மலை நாடு அது. நாம் ரசத்தில் போடுகிறோமே பெருங்காயம், அதற்கான பிசின் காலங்காலமாக அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்திருக்கிறது.

அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் ஹெராத் என்ற பழைய நகரம் இருக்கிறது. அங்கே பிறந்தவர் சகீனா யாகூபி.

சகீனாவின் தாய் 16 முறை கருவுற்றார். பிழைத்த பிள்ளைகள் 5 பேர் மட்டுமே. இதைச் சகீனாவே மேடையில் சொல்லியிருக்கிறார். தாயும் சேயும் படும் துன்பத்தைச் சிறு வயதிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

1970களில் அவர் படிப்பதற்காக அமெரிக்கா போனார். 1977இல் பட்டம் பெற்றார். பிறகு பொது சுகாதாரம் படித்தார். கல்லூரியில் ஆசிரியராக வேலை பார்த்தார்.

போர் வந்தது

1979 டிசம்பரில் சோவியத் நாட்டின் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. பெரும் போர் மூண்டது. உயிர் பிழைக்க மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பாகிஸ்தானிலும் ஈரானிலும் அடைக்கலம் புகுந்தவர்கள் ஒரு கட்டத்தில் 60 லட்சம் பேருக்கும் மேல்.

சகீனா தன் குடும்பத்தாரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். வேலை இருந்தது. சம்பளம் வந்தது. குடும்பம் பத்திரமாக இருந்தது. ஆனாலும் அவருக்கு மன நிம்மதி இல்லை. தன் மக்கள் கூடாரத்தில் கிடக்கிறார்களே என்ற எண்ணம் அவரை வாட்டியது.

1990களின் தொடக்கத்தில் அவர் பாகிஸ்தானில் உள்ள பெஷாவர் நகருக்குப் போனார். அங்கே பெரிய அகதி முகாம்கள் இருந்தன. கணவனை இழந்த பெண்கள் இருந்தார்கள். தாய் தந்தை இல்லாத குழந்தைகள் இருந்தார்கள். பல நாடுகளில் தொண்டு செய்யும் ஓர் அமைப்பில் சேர்ந்து, பெண் கல்விக்கான வேலையை அவர் ஏற்றுக்கொண்டார்.

என்ன கொடுப்பது?

பசித்தவருக்குச் சோறு வேண்டும். குளிரில் நடுங்குகிறவருக்குப் போர்வை வேண்டும். அவற்றைக் கொடுக்க வேறு அமைப்புகள் இருந்தன. சகீனாவுக்குத் தெரிந்தது கல்வி. தெரிந்ததைக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார்.

ஆனால் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பலர் தயங்கினார்கள். சகீனா அவர்களோடு சண்டை போடவில்லை. முகாமில் மதிப்புப் பெற்ற ஒரு மதகுருவிடம் முதலில் போனார். பொறுமையாகப் பேசினார். பள்ளி நடத்தும் வேலையில் அவரையே சேர்த்துக்கொண்டார். பெரியவரே சொன்ன பிறகு ஊரார் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் மட்டும் போதாது. குழந்தைகள் கேள்வி கேட்க வேண்டும், யோசிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

1995இல் ஆப்கான் கல்வி நிறுவனம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளி வேண்டும் என்று ஊரார் கேட்டால்தான் அந்த அமைப்பு போகும். இடம் கொடுப்பது போன்ற உதவிகளை ஊரார் செய்ய வேண்டும். பயிற்சியும் புத்தகமும் அமைப்பு தரும். இப்படிச் செய்தால் அது ஊரின் சொந்தப் பள்ளி ஆகிவிடுகிறது. ஆபத்து வரும்போது ஊரே அதைக் காக்கும்.

கதவுக்குப் பின்னால்

அந்த ஆபத்து சீக்கிரமே வந்தது. 1996 செப்டம்பரில் தாலிபான் படையினர் தலைநகர் காபூலைப் பிடித்தார்கள். பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போகக் கூடாது என்றார்கள். பெண்கள் வேலைக்குப் போகவும் தடை போட்டார்கள்.

அப்போது வீடுகளுக்குள் பள்ளிகள் நடந்தன. ஒரு வீட்டின் அறைதான் வகுப்பு. கூட்டமாக வந்தால் சந்தேகம் வரும். அதனால் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, வெவ்வேறு நேரத்தில் வந்தார்கள். புத்தகத்தை உடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டால் ஆசிரியைக்கும் தண்டனை, வீடு கொடுத்தவருக்கும் தண்டனை.

சகீனாவின் அமைப்பு இப்படிப்பட்ட 80 பள்ளிகளுக்கு உதவியது. சுமார் 3,000 சிறுமிகள் அவற்றில் படித்தார்கள்.

ஒருமுறை துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் சகீனாவின் வண்டியை வழியில் மறித்தார்கள். என்ன நடக்குமோ என்று எல்லோரும் பயந்தார்கள். அந்த இளைஞர்கள் கேட்டது என்ன தெரியுமா? பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, எங்களுக்குப் படிப்பு கிடையாதா என்று கேட்டார்கள். சகீனா அவர்களுக்கும் படிக்க ஏற்பாடு செய்தார்.

2001இன் கடைசியில் தாலிபான் ஆட்சி விழுந்தது. மறைவாக நடந்த வேலை வெளியே வந்தது. பெண்களுக்கான கல்வி மையங்களில் எழுதப் படிக்கவும், தையலும், உடல்நலமும் கற்றுக் கொடுத்தார்கள். மருத்துவ நிலையங்களும் நடந்தன. தாய் 16 முறை பட்ட துன்பத்தைப் பார்த்த மகள், பல ஆயிரம் தாய்மாருக்கு உதவினார். 2015இல் கல்விக்கான உலகப் பரிசு ஒன்று அவருக்குக் கிடைத்தது.

மறுபடியும் தடை

2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. 6ஆம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் படிக்க முடியாமல் போனது. 2022 டிசம்பரில் கல்லூரிக் கதவும் மூடப்பட்டது. தொண்டு அமைப்புகளில் பெண்கள் வேலை செய்யவும் தடை வந்தது.

அப்படியானால் சகீனா செய்ததெல்லாம் வீணா? யோசித்துப் பாருங்கள். வீட்டை இடிக்கலாம். நிலத்தைப் பிடுங்கலாம். ஒரு பெண் கற்ற எழுத்தை யாரால் பிடுங்க முடியும்? அன்று ஒளிந்து படித்த சிறுமிகள் இன்று வளர்ந்து பெரியவர்கள் ஆகியிருப்பார்கள். அவர்களில் தாயானவர்கள், கதவு மூடியிருந்தாலும் மகளுக்கு வீட்டில் சொல்லித் தரலாம்.

தொண்டு செய்யப் பெரிய பணம் வேண்டாம். நமக்குத் தெரிந்த ஒன்று வேண்டும். அது யாருக்குத் தேவை என்று கேட்கும் மனம் வேண்டும். இந்தப் பக்கத்தை நீங்கள் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டீர்கள். அப்படியென்றால் உங்களிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது.

கூடிப் பேசுங்கள்

1. சகீனா முதலில் மதகுருவிடம் போனது ஏன்?
2. ஊரார் இடம் கொடுத்து நடத்தும் பள்ளிக்கும், வெளியார் கட்டிக் கொடுக்கும் பள்ளிக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்களுக்காக நீங்கள் என்ன செய்யலாம்?